அஞ்சு நிமிஷ டாக்டர்

அந்த மருத்துவமனையில் அவருக்கு அஞ்சு நிமிஷ டாக்டர் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் முதுகு திரும்பியதும் கூப்பிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். வைத்தவர்கள் மேல் கோபம் இல்லை. ‘ஐந்தே நிமிடத்தில் அமைதி’ என்று சொந்தப் படத்தைப் போட்டு, கன்னத்தில் கை வைத்துச் சிரித்தபடி மருத்துவமனைச் சுவர்களில் தொங்குகிற ஆளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? அவரிடம் கேட்டிருந்தால் இதைவிட மோசமாக ஒன்று வைத்துக் கொடுத்திருப்பார்.

வேலை செய்தே நொந்துபோன டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், தங்கள் மனதைத் தாங்களே தேற்றிக்கொள்வது எப்படி என்று சொல்லித்தருவது அவர் தொழில். கை கழுவும்போது குழாயை அருவி என்று நினைத்துக்கொள்ளுங்கள். லிஃப்டுக்கு நிற்கும்போது இன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது வெள்ளைக் கோட்டை மாட்டுகிற ஆணியிலேயே கவலையையும் மாட்டிவிட்டுப் போங்கள். இதையெல்லாம் தேன் தடவிய குரலில் சொல்வார். சொல்லும்போதே உள்ளுக்குள் இன்னொரு குரல் கூடவே வரும்: ‘மாட்டு, மாட்டு. காலையில் வந்து பார், அங்கேயேதான் தொங்கும், துவைத்துக்கூட வைத்திருக்க மாட்டார்கள்.’

சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட அவர் செய்ததில்லை. வீட்டில் மறந்துபோய் ஒருமுறை அந்தக் குரலில் பேசிவிட்டார். கண்ணாடிக் கடையில் பார்வை சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற அவர் மனைவி, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: “அந்தக் குரல வாசல்லயே கழட்டி வெச்சிட்டு வாங்க. இங்க உங்க வாடிக்கையாளர் யாரும் இல்ல.”

அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவில்தான் பதினோரு வருடம் அவர் டாக்டராக இருந்தார். கெட்டிக்காரர் என்று பெயர். அடிபட்டவனைத் தூக்கிவந்தவர்கள் வாயைத் திறக்குமுன்பே, எங்கே உடைந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். பிறகு என்ன ஆயிற்றென்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. முதலில் சாப்பாட்டில் ருசி போனது. அப்புறம் நோயாளிகளின் முகங்கள் போயின. மூலைக்கட்டில் வயிறு, ஜன்னலோரக் கை என்றுதான் மனதில் நின்றார்கள். ஒருநாள் மதியம், அப்பா இறந்துவிட்டார் என்று ஒரு பெண்ணிடம் சொல்லவேண்டி வந்தது. அவள் சுவரில் சாய்ந்து அழத் தொடங்கியபோது, ‘டீ ஆறிப்போயிருக்கும்’ என்று நினைத்தார். அப்படி நினைத்தது பெரிதில்லை. அலுத்துப்போனவன் மனதில் எதுவும் ஓடும். நினைத்ததற்காகத் துளி வெட்கமும் வரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை ஷிஃப்டுக்கு வந்தவர், மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தினார். கதவைத் திறக்கக் கை எழவில்லை. உட்கார்ந்தே இருந்தார். பின்னால் ஆம்புலன்ஸ் வந்து ஹாரன் அடித்தது. வண்டியை எடுத்து வழிவிட்டவர், அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். சாப்பாட்டுக்கு வந்த மனைவி, அவர் ஷூவோடு கட்டிலில் கிடப்பதைப் பார்த்தாள்.

“லீவா?”

“இல்ல.”

“சரி. ஷூவக் கழட்டுங்க.”

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. தூங்கினார். தின்றுவிட்டுத் தூங்கினார். தின்னாமலும் தூங்கினார். மனநோய் மருத்துவர் ஒருவரிடம் மனைவிதான் கூட்டிப்போனாள். அவர் கொடுத்த மாத்திரை வேலை செய்தது. வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. நண்பர்கள் ஆளுக்கொரு சுயமுன்னேற்றப் புத்தகம் கொண்டுவந்து தலைமாட்டில் அடுக்கினார்கள். எல்லாப் புத்தகத்திலும் ஒருவன் விடியுமுன் எழுந்து ஓடினான். எதற்கு ஓடுகிறான் என்று தெரிவதற்குள் இவர் தூங்கிவிடுவார்.

தேறியபின், டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் ‘நான் மீண்டுவந்த கதை’ என்று பேசக் கூப்பிட்டார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்றுதான் போனார். வேலையை விட்டேன், தூங்கினேன், மாத்திரை போட்டுக்கொண்டேன், மனைவி சோறு போட்டாள். ஆனால் மேடை ஏறிப் பார்த்தால் எதிரே இருந்த அத்தனை பேருக்கும் மறுநாள் காலையில் வேலை இருந்தது. நாக்கு புரண்டது. மூச்சைப் பற்றிப் பேசினார். மெல்ல இழுத்து, மெல்ல விட்டு, அந்த இடைவெளியில் தன்னைத் தானே கண்டெடுத்ததாகச் சொன்னார். எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டியவர்களை அன்றைக்கே மனதில் ஒரு படி இறக்கினார். தன்னை இரண்டு படி. அடுத்த வாரமே இன்னொரு மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். போனார். இப்படித்தான் தொழில் ஆரம்பித்தது.

பழைய மருத்துவமனையிலிருந்தும் ஒருநாள் அழைப்பு வந்தது. அங்கே புதிதாக வந்திருந்த நிர்வாகிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘சதவீதம்’. வாயைத் திறந்தால் புள்ளிக்கணக்குதான். சாப்பிட்டாச்சா சார் என்று யாரோ மரியாதைக்குக் கேட்டதற்கு எண்பது சதவீதம் முடிந்தது என்றவராம். அவசரப் பிரிவிலிருந்து நர்சுகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். இருப்பவர்களில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், ஒரு ஷிஃப்ட் முடித்தவளே அடுத்த ஷிஃப்டையும் இழுக்கவேண்டும். இப்படி நேரங்களில் வந்து நிற்க இரண்டு மாற்று நர்சுகள் வேண்டும் என்று அங்கிருந்த தலைமை நர்ஸ் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார். சதவீதம் யோசித்தார். நர்சுகளைப் போட்டால் மாதாமாதம் சம்பளம். அவர்கள் மனதைத் தேற்றினால் ஒரு தடவைச் செலவு. அதனால் அஞ்சு நிமிஷ டாக்டரைக் கூப்பிட்டார்.

“உங்களுக்கு இந்த இடம் தெரிஞ்ச இடம். ஊழியர்கள் மனநலத்த உயர்த்தணும்” என்றார்.

‘உயர்த்தலாம். பரணில் ஏற்றிவிடலாம்’ என்றது உள்குரல். “கண்டிப்பா சார்” என்றது தேன்குரல்.

மாடியில் பழைய ஆவணங்கள் கிடந்த அறையைக் காலிசெய்து, பச்சை வண்ணம் அடித்து, ‘அமைதி அறை’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். அந்தக் கட்டிடத்திலேயே ஒழுங்காக வேலை செய்கிற ஏசி அங்கேதான் இருந்தது. காலை ஷிஃப்ட் முடித்த நர்சுகள் வீட்டுக்குப் போகாமல் ஒரு மணி நேரம் அங்கே வந்து உட்காரவேண்டும்; வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். மனதுக்கு அமைதி கொடுக்க இதைவிடச் சிறந்த வழி சதவீதத்துக்கு எங்கே கிடைக்கும்?

முதல் நாள் அவர் உள்ளே நுழைந்தபோது முன்வரிசையில் பெரிய சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் தலைமை நர்ஸ். கனத்த உடம்பு, முழங்கால் வலி, வார்டின் ஒரு முனையிலிருந்து பேசினால் மறுமுனையில் மயங்கிக் கிடப்பவனும் கண்ணைத் திறக்கிற குரல். இவர் டாக்டராக இருந்த காலம் முழுவதும் கூடவே வேலை பார்த்தவர். கையைக் கட்டிக்கொண்டு இவரையே பார்த்தார். சிரிக்கவில்லை.

டாக்டர் ஆரம்பித்தார். அருவி, லிஃப்ட், ஆணி. திரையில் சூரியன் உதித்தது. பின்வரிசையில் ஒரு நர்ஸ் கண்ணைத் திறந்துவைத்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த வித்தை எந்த ஷிஃப்டில் கைவரும் என்று அவருக்குத் தெரியும். இன்னொருத்தி ஒரு காலை செருப்பிலிருந்து எடுத்து, மற்றக் கால்மேல் வைத்து மெல்ல அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். காலுறையின் தடம் தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தது.

பெரிய சிஸ்டர் கையைத் தூக்கினார்.

“டாக்டர், ஒரு சந்தேகம்.”

“கேளுங்க சிஸ்டர்.”

“நம்ம பிரிவுல கை கழுவுற குழாய முழங்கால வெச்சு முட்டினாத்தான் தண்ணி வரும். முட்டிட்டே இருக்கணும். விட்டா நின்னுடும். அருவிய நினைக்கும்போது முட்டறத விட்டுடலாமா?”

யாரோ களுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றினார்கள்.

“அத ஒரு உதாரணமாத்தான் சொன்னேன்.”

“சரி. இன்னொண்ணு. நீங்க எங்கள மாதிரியே இங்க இருந்து, முடியாம போனவரு. இப்ப நல்லா இருக்கீங்க. பாக்க சந்தோஷமா இருக்கு.” அவர் முகத்தில் சந்தோஷத்தின் சுவடு இல்லை. “இந்த மூச்சு, ஆணி, இதெல்லாம் செஞ்சுதான் சரியானீங்களா?”

இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. எத்தனையோ அறைகளில் சொன்ன பதில். வாயைத் திறந்தால் தானாக வந்து விழும். திறந்தார். ஆனால் இந்த அம்மாளிடம் பொய் சொல்வது கஷ்டம். கூட நின்று, இறந்துபோன எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்டவர்.

“இல்ல சிஸ்டர்.”

“பின்ன?”

“வேலைய விட்டேன். தூங்கினேன். டாக்டரப் பாத்து மாத்திரை சாப்பிட்டேன். என் வீட்டுக்காரி சம்பாதிச்சா.”

“அப்ப எங்களயும் வேலைய விடச் சொல்றீங்களா?”

“சொல்லல. உங்க வீடு எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியும்.”

“அப்ப இது எதுக்கு?” திரையில் நின்றுகொண்டிருந்த சூரியனைக் காட்டினார்.

அவர் சூரியனைப் பார்த்தார். கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிற சூரியன். அதை அணைத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

“ஒரு மணி நேரம் இருக்கு. தலைய சாய்ச்சுக்குங்க. கால் நீட்டணும்னா கீழ படுங்க, தரை சுத்தமாத்தான் இருக்கு. நான் கதவுகிட்ட நிக்கறேன்.”

முதலில் யாரும் அசையவில்லை. பின்வரிசைக்காரி மட்டும், அதிகாரபூர்வமாக அனுமதி கிடைத்துவிட்டதால், திறந்திருந்த கண்ணை மூடினாள். பிறகு ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டிருந்த பெரிய சிஸ்டர், தலை மார்பில் கவிழ, கட்டிய கையோடே உறங்கிப்போனார்.

பாதி நேரத்தில் சதவீதம் வந்துவிட்டார். கதவைக் கொஞ்சமாகத் திறந்து டாக்டர் வழிமறித்தார்.

“என்ன இருட்டா இருக்கு?” என்று கிசுகிசுத்தார் சதவீதம்.

“ஆழ்ந்த நிலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன் சார்.”

சதவீதம் எட்டிப்பார்த்தார். அவர் வாழ்நாளில் இவ்வளவு அமைதியான ஊழியர்களைப் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து மூலையிலிருந்து கொர்ரென்று ஒரு சத்தம் வந்தது.

“அது?”

“மூச்சுப் பயிற்சி சார். உச்சகட்டம். எல்லாருக்கும் வாய்க்காது.”

நிர்வாகி பயபக்தியோடு செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்துபோனார். அந்த முதுகைப் பார்த்தபோது டாக்டருக்குப் பல வருடங்களில் வராத ஒரு சந்தோஷம் வந்தது. ஒருவரை மனதார ஏளனம் செய்வதில் இவ்வளவு தெம்பு உண்டென்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அதுதான் பயிற்சி. வாரம் முழுதும் வெவ்வேறு குழு; எல்லாருக்கும் ஒரே பாடம். வராமல் டிமிக்கி கொடுத்தவர்களெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி தலையணை உறைக்குள் துண்டைத் திணித்துக்கொண்டு வந்தாள். கருத்து கேட்டபோது எல்லாரும் ‘மிகச் சிறப்பு’ என்று எழுதினார்கள். ஆளுக்காள் எரிந்து விழுவது குறைந்தது. மாத்திரை மாற்றிக் கொடுக்கப்போய்க் கடைசி நொடியில் பிடிபடுவதெல்லாம் அனேகமாக நின்றது. கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவருக்கும் அது நன்றாக இருந்தது. பேசாமல் இருக்கப் பணம் வாங்குவது, பேசிப் பணம் வாங்குவதைவிட யோக்கியமான தொழிலாகப் பட்டது. மனைவியிடம் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “இது எங்கயோ போய் முட்டும்” என்றாள்.

முட்டியது அவள் கடையிலேயே.

ஒரு மாலை மனைவியைக் கூட்டிப்போக வந்தவர், சோதனை நாற்காலியில் பெரிய சிஸ்டர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஊசியில் மருந்தளவு மங்கலாகத் தெரிகிறதென்று வந்திருந்தார். கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போடுகிற கனமான இரும்புச் சட்டம் அவர் மூக்கில் ஏறியிருந்தது. சட்டத்தோடே தலையைத் திருப்பினார்.

“வாங்க டாக்டர். உங்களத்தான் நினைச்சுட்டிருந்தேன்.”

“நல்லபடியாவா?”

“எழுத்தப் பாருங்க சிஸ்டர்” என்றாள் மனைவி, ஒரு வில்லையை எடுத்து வேறொன்றைச் சொருகியபடி.

“எழுத்து கெடக்கட்டும்மா. ரெண்டு மாற்று நர்ஸ் கேட்டிருந்தோம்ல டாக்டர். எத்தன நாளா கேக்கறேன். கடைசியில சரி, போடலாம்னு மேல ஒத்துக்கிட்டிருந்தாங்க. நேத்து கூப்பிட்டு இனிமே தேவையில்லன்னு சொல்லிட்டாரு அந்த ஆளு.”

“ஏன்?”

“ஏனா? ஊழியர்கள் மனநலம் எழுபத்தஞ்சு சதவீதம் உயர்ந்திருக்காம். தப்பு கொறஞ்சிருக்காம். இருக்கற ஆளுங்களே சந்தோஷமா செய்றப்ப எதுக்கு புது ஆளு? அவரே சொன்னாரு. உங்களப் பாராட்டினாரு. கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு.”

அவர் சுவரோரமாக நின்றார். கடையில் இருந்த கண்ணாடிச் சட்டங்கள் அத்தனையும் அவரையே பார்ப்பது போலிருந்தது.

“இப்ப எப்படி இருக்கு, தெளிவா தெரியுதா?” என்று கேட்டாள் மனைவி.

“நல்லாத் தெரியுது” என்றார் பெரிய சிஸ்டர், அவரை விட்டுப் பார்வையை எடுக்காமல். “முன்னாடி பொய் சொன்னாலும் ஒண்ணும் கெடுக்காம இருந்தீங்க. இப்ப நல்லது பண்றேன்னு வந்து எங்க வயித்துல அடிச்சிட்டீங்க. அந்த ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு நாங்க ரெண்டு ஆள வித்திருக்கோம்.”

“நான் போய்ப் பேசறேன்.”

“பேசுவீங்க. பேசத்தான் தெரியுமே.”

மனைவி சட்டத்தைக் கழற்றினாள். மூக்கின் இருபுறமும் சிவந்த தடம். அதைத் தேய்த்துக்கொண்டே பெரிய சிஸ்டர் எழுந்து போனார். வீட்டுக்கு வந்தபின் அவள் ஒன்றுதான் சொன்னாள்: “அந்தம்மா சொன்னதுல ஒரு வார்த்தகூட தப்பில்ல.”

மறுநாள் சதவீதத்தின் அறைக்குப் போனார். மேஜையில் தண்ணீர் சலசலக்கிற சின்ன ஊற்று ஒன்று புதிதாக வந்திருந்தது. இவர் வகுப்பின் பாதிப்பு.

“சார், ஒரு உண்மையைச் சொல்லணும். அவங்க தியானம் பண்ணல. தூங்கினாங்க.”

சதவீதம் கொஞ்சம் யோசித்தார். “எத்தனை சதவீதம் பேர்?”

“எல்லாரும்.”

“நூறா?”

“நூறு. அவங்க மனசுல ஒண்ணும் உயரல சார். உடம்பு அசந்து கெடந்துது, படுக்க எடம் கெடச்சுது, அவ்வளவுதான். நான் சொல்லிக்குடுத்தது ஒண்ணுமே இல்ல. எனக்குக் குடுக்கறத நிறுத்திட்டு ரெண்டு ஆள் போடுங்க.”

“சும்மா தூங்கினதுக்கே இவ்வளவு முன்னேற்றம்னா, ஆள் எதுக்கு?” என்றார் சதவீதம். அறிவில்லாதவர் என்று அவரை நினைத்திருந்தது தவறு. வேண்டிய திசையில் மட்டும் அவர் மூளை அபாரமாக ஓடியது. “அதோட, வேலைக்கு வந்த இடத்துல தூங்கினா அது ஒழுங்கீனம். அந்த சிஸ்டர்தான் இதுக்குத் தலைமையா?”

டாக்டருக்குச் சுரீரென்றது. உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று நம்பிவந்த தன் முட்டாள்தனத்தை நினைத்து, சதவீதத்தைவிடத் தன்மேல் அதிக அருவருப்பு வந்தது.

“ஒழுங்கீனம் என்னோடது. அது ஷிஃப்ட் முடிஞ்ச நேரம். வராட்டி சம்பளம் புடிப்போம்னு வரவெச்சது நீங்க, தூங்கச் சொன்னது நான். அவங்கமேல கைவெச்சீங்கன்னா, உச்சகட்ட மூச்சுப் பயிற்சின்னு நான் சொன்னத நீங்க நம்பிட்டுப் போன கதைய நான் எல்லா எடத்துலயும் சொல்வேன். நல்லா சிரிப்பாங்க.”

சதவீதத்தின் காது சிவந்தது. நடவடிக்கை பற்றிய பேச்சு அதோடு போயிற்று. இவருடைய ஒப்பந்தமும் போயிற்று. “நீங்க கிளம்பலாம்” என்றார்.

கிளம்பினார். தாழ்வாரத்தில் அறிவிப்புப் பலகை. ‘அவசரப் பிரிவுக்கு மருத்துவர் தேவை’ என்ற தாள் ஓரம் பழுத்துச் சுருண்டு கிடந்தது. வரும்போதும் போகும்போதும் பார்த்த தாள்தான். அந்த வேலைக்கு எவனும் வரவில்லை. வந்தவர்களும் மாதம் திரும்புமுன் கம்பி நீட்டிவிட்டார்கள். அதன்முன் நின்றார். இரக்கம் பொங்கித்தான் அடுத்ததைச் செய்தார் என்று யாராவது சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். அந்த ஆளிடம் தோற்றுப்போய் வாசல்வரை நடக்க அவருக்குப் பிடிக்கவில்லை. தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு திரும்பினார்.

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்த சதவீதம், நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“இதுக்கு நான் வர்றேன்” என்று தாளை ஊற்றின் பக்கத்தில் வைத்தார். “வாரத்துல மூணு பகல். அதுக்குமேல ஒரு நாள்கூட இல்ல.”

சதவீதம் ஊற்றையும் தாளையும் பார்த்தார். அவசரப் பிரிவில் டாக்டர் இல்லையென்று மேலிடத்திலிருந்து அவர் வாங்கிக்கட்டிக்கொள்வது ஊரறிந்த விஷயம்.

“வாங்களேன். யார் வேண்டாம்னா?”

“ரெண்டு மாற்று நர்ஸ்.”

“ஒருத்தர்.”

“ரெண்டு.”

“ஒருத்தர்தான் முடியும். இல்லன்னா நீங்களும் வேண்டாம்.” குரலைக் கேட்டால் பொய்யாகத் தெரியவில்லை.

“சரி, ஒருத்தர். என் ஷிஃப்ட்ல நர்சுங்க முறை வெச்சு மாடியில போய்ப் படுத்துட்டு வருவாங்க. சாவி பெரிய சிஸ்டர்கிட்ட இருக்கும். அங்க இருக்கற நாற்காலியத் தூக்கிட்டு நாலு கட்டில் போடுங்க.”

“கட்டிலுக்கு என்னன்னு கணக்கு எழுதறது?”

“என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க.”

‘ஆழ்நிலை அமைதித் திட்டம், இரண்டாம் கட்டம்’ என்று எழுதினார் சதவீதம். அந்த வருடம் அதற்காக ஏதோ ஒரு கேடயமும் வாங்கி, ஊற்றின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். “மொதல்ல உங்க டாக்டரப் பாத்துட்டு வாங்க. அவரு சரின்னா போங்க” என்றாள். “மூணு நாள்னா மூணு நாள். நாலாவது நாள் ஆளில்ல, அவசரம்னு யாராவது கூப்பிட்டுப் போனீங்கன்னா, நான் அங்க வந்து காதப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன். எல்லாரும் பாக்கட்டும்.”

மனநோய் மருத்துவர் சரியென்றார். ஆனால் மாதம் ஒருமுறை வந்து போகவேண்டும் என்றார். இவர் போய் வருகிறார். போகிற நாளெல்லாம் முகம் சுளித்துக்கொண்டுதான் போகிறார், ஆனால் தவறுவதில்லை.

அவசரப் பிரிவில் முதல் நாள் அவரிடம் வந்தது, மூக்கில் மணியைப் போட்டுக்கொண்ட ஒரு குழந்தை. பெரிய சிஸ்டர் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒரே இழுப்பில் மணி வந்தது. நீல மணி. அவர் மனதில் ஒரு வெளிச்சமும் அடிக்கவில்லை, இழந்ததெதுவும் திரும்பி வரவுமில்லை. அடுத்து ஒரு சுளுக்கு வந்தது, அதற்கடுத்து ஒரு மூச்சிரைப்பு. சாயங்காலம் கால் வலித்தது. ஷிஃப்ட் முடிந்தது, அவர் வீட்டுக்குப் போனார். போனதும் பசித்தது.

புதிதாக வந்த மாற்று நர்ஸ் துறுதுறுவென்று இருந்தாள். இரண்டாவது ஆள் இன்றுவரை வரவில்லை. பெரிய சிஸ்டர் வாராவாரம் சதவீதத்திடம் போய்க் கேட்கிறார், அவர் பரிசீலிப்பதாகச் சொல்கிறார். நாலு கட்டிலில் ஒன்றின் கால் ஆடுகிறது. இருந்தாலும் இந்த வருடத்தில் அவசரப் பிரிவிலிருந்து ஒருத்திதான் விலகினாள், அதுவும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதால்.

பழைய தொழிலுக்கு அழைப்புகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. போன வாரம் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் இனிமையாகப் பேசினாள். தங்கள் ஊழியர்களின் மனநலத்துக்கு ஏதாவது எளிமையான வழி சொல்லவேண்டும் என்றாள்.

“எத்தன பேர் கொறையறாங்க உங்ககிட்ட?” என்று கேட்டார்.

“எதுல சார்?”

“ஆள். வேலைக்கு.”

“அத வேற துறையில பாக்கறாங்க சார்.”

“அந்தத் துறைகிட்ட பேசுங்க. ஆள் எடுக்கச் சொல்லுங்க. கொஞ்சம் தூங்க விடச் சொல்லுங்க. அப்பவும் முடியாதவங்களுக்கு நல்ல மனநோய் மருத்துவர் ஒருத்தரக் காட்டுங்க, லீவும் சம்பளமும் குடுங்க. என்கிட்ட இருக்கறது இவ்வளவுதான்.”

“இது கொஞ்சம் எதிர்மறையா இருக்கே சார்” என்றாள் அவள், வருத்தத்தோடு.

“ஆமாம்மா” என்று போனை வைத்துவிட்டார்.

கோபம் மட்டும் குறையவில்லை. நேற்றுக்கூட, குடித்துவிட்டுக் கையைக் கிழித்துக்கொண்டு வந்து, நர்சைக் கெட்ட வார்த்தையால் திட்டிய ஒருவனைப் பார்த்து அவர் கத்திய கத்தலில் மருந்து வண்டி அதிர்ந்தது. பெரிய சிஸ்டர் நடுவில் வந்து நின்றார்.

“டாக்டர், இவனுக்குத் தையல நான் பாத்துக்கறேன். நீங்க வெளிய போய் கட்டடத்த ஒரு சுத்து சுத்திட்டு வாங்க.”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

“உங்களுக்காகச் சொல்லல. நீங்க நின்னா அவன் கைய நீட்ட மாட்டேங்கறான்.”

வாய்க்குள் முனகிக்கொண்டே வெளியே போனார். ஆம்புலன்ஸ்கள் நிற்கிற இடத்தைத் தாண்டி, சலவைத் துணி மூட்டைகளைத் தாண்டி, சமையலறைக் கழிவுநீர் நாறுகிற பின்பக்கம் வழியாக ஒரு சுற்று முடித்துத் திரும்பினார். தையல் முடிந்திருந்தது. குடிகாரன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அடுத்த ஆள் காத்திருந்தார்.